செயலாளர் நாற்காலி



ஆகஸ்ட் 12 தேசிய நூலகர் நாள். எஸ்.ஆர். ரங்கநாதன் படத்துக்கு மாலை போடுவோம், பள்ளிப் பிள்ளைகளை வரவழைப்போம், வாசகர் வட்டத் தலைவர் பேசுவார். அந்த நாள் நெருங்கும்போது உங்களிடமிருந்து வரும் கடிதங்களும் கூடிவிடும். இந்த முறை வந்தவற்றில் ஒரு கிளை நூலகரின் கடிதத்துக்கு இந்தப் பக்கத்திலேயே பதில் எழுதுகிறேன். அவர் கேட்டிருப்பது உங்களில் பலர் மனத்தில் உள்ள கேள்விதான்.

நூலக அறிவியலில் முதுகலை முடித்தவர் அவர். கிளையில் அவர் ஒருவரே பணியாளர். நூலகச் சங்கம் ஒன்றிலிருந்து மாநாட்டுத் துணைக்குழுவில் வேலை செய்ய வருமாறு கூப்பிட்டிருக்கிறார்கள். சம்பளம் கிடையாது, பயணப்படி கிடையாது, வார விடுமுறை போய்விடும். ‘சேர்ந்தால் என் பணி வாழ்க்கைக்கு என்ன பயன்?’ என்று கேட்கிறார்.

நேர்மையான கேள்வி இது. ‘சேவை’ என்ற ஒரு சொல்லைப் போட்டு இதை மூடிவிட எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக் கடன் கட்டுகிற, பிள்ளைகளைப் படிக்கவைக்கிற ஒருவர் தன் ஓய்வு நாளைக் கொடுக்கும் முன்பு பலனைக் கேட்கத்தான் வேண்டும். பலன் இருக்கிறது. தாமதமாக வரும், ஆனால் வரும். சேருங்கள் என்பதுதான் என் பதில். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் தொழிலில் வேலை எவ்வளவு நன்றாக நடக்கிறதோ அவ்வளவுக்கு அது கண்ணில் படாது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண் கேட்ட புத்தகம் இரண்டு நிமிடத்தில் அவள் கைக்கு வந்துவிடுகிறது. சரியாகப் போட்ட பகுப்பெண்ணையும், பிசகாமல் எழுதிய இருப்புப் பதிவேட்டையும், முந்தின நாள் மாலை கால் கடுக்க நின்று நீங்கள் அடுக்கிய அலமாரியையும் அவள் நினைத்துப் பார்க்க வேண்டியதில்லை. ஆய்வுக்கு வரும் அதிகாரி உறுப்பினர் எண்ணிக்கையையும் இரவல் எண்ணிக்கையையும் புரவலர் சேர்க்கையையும் பார்த்துக் கையெழுத்திட்டுப் போகிறார். கல்லூரி நூலகரின் நிலை இன்னும் தனிமையானது. வேதியியல் பேராசிரியரின் தரத்தை எடைபோடத் துறையில் இன்னொரு வேதியியல் பேராசிரியர் இருப்பார். நூலகரின் வேலையை எடைபோட அந்த வளாகம் முழுவதிலும் இன்னொரு நூலகர் இருப்பதில்லை. இருபது ஆண்டு உழைத்த பின்னும் ‘இவருடைய வேலை எனக்குத் தெரியும்’ என்று தொழில் அறிந்த ஒருவர் சொல்ல ஆளில்லாமல் நம்மில் எத்தனை பேர் ஓய்வுபெற்றுப் போயிருக்கிறார்கள்!

சங்கத்தின் குழுதான் அந்தக் குறையைத் தீர்க்கும் இடம். அங்கே நீங்கள் வேலை செய்வதை உங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களே பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

மாலை போடுகிற அந்தப் படத்தில் இருப்பவரின் வாழ்க்கையையே இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக வந்தார். வந்த சில நாள்களிலேயே அந்தத் தனிமை தாங்காமல் வகுப்பறைக்குத் திரும்பிவிட நினைத்தார். லண்டனுக்குப் பயிற்சிக்குப் போய் வந்த பிறகுதான் அவருக்கு இந்த வேலையில் மனம் ஊன்றியது. அங்கே யுனிவர்சிட்டி காலேஜில் அவருடைய ஆசான் பெர்விக் சேயர்ஸ். குராய்டன் பொது நூலகத்தின் தலைமை நூலகர். பின்னாளில், 1938இல், பிரிட்டனின் நூலகச் சங்கத்துக்குத் தலைவராகவும் ஆனவர். ஊர் நூலகத்தை நடத்திக்கொண்டே வகுப்பும் எடுத்து, தொழிலுக்காகவும் உழைக்கும் ஒரு மனிதரை ரங்கநாதன் அருகிலிருந்து பார்த்தார். 1925இல் சென்னைக்குத் திரும்பினார்.

மூன்றாண்டு கழித்து, 1928இல், சென்னை நூலகச் சங்கம் பிறந்தது. அதில் ரங்கநாதன் ஏற்ற பொறுப்பு எது? செயலாளர். கடிதம் எழுதுகிறவர், கூட்டம் கூட்டுகிறவர், சந்தா கேட்டு நினைவூட்டுகிறவர், அச்சகத்துக்குப் போய் வருகிறவர். 1945இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்குப் புறப்படும் வரை அந்த நாற்காலி அவருடையதாகவே இருந்தது.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் என்ன செய்தார் என்பதுதான் நமக்கு முக்கியம். 1929 கோடையில் சங்கத்தின் சார்பில் நூலகப் பயிற்சி வகுப்பு தொடங்கியது. அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு பாடமே கிடையாது. பாடத்திட்டம் எழுதி, வகுப்பெடுத்து, தேர்வு வைத்து, அது நடக்கக்கூடியது என்று சங்கம் காட்டியது. 1931இல் பல்கலைக்கழகம் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1937இல் அது ஓராண்டுப் பட்டயப் படிப்பாக வளர்ந்தது. இன்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலக அறிவியல் பட்டத்தைக் கையில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு சங்கத்தின் கோடை வகுப்புக்குக் கடன்பட்டவர்கள். கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் நூலகவியலின் பேராசிரியராக மாறியதும் அந்த வகுப்பில்தான்.

அடுத்து, புத்தகங்கள். நூலக அறிவியலின் ஐந்து விதிகள் 1931இல் வந்தது. கோலன் பகுப்பு முறை 1933இல். அதற்கு அடுத்த ஆண்டு நூற்பட்டி விதிகள், 1935இல் நூலக நிர்வாகம், 1937இல் பகுப்பியலின் அடிப்படைகளைப் பேசும் பெருநூல். உலகம் முழுவதும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெயர் சொல்லும் இந்த நூல்களையெல்லாம் வெளியிட்டது சென்னை நூலகச் சங்கம். நூலகத்தில் புத்தகங்களை எப்படி அடுக்குவது என்று நானூறு பக்கம் எழுதினால் அதை அன்றைக்கு எந்த வணிகப் பதிப்பகம் முன்வந்து போட்டிருக்கும்? தானே உழைத்துக் கட்டிய சங்கம் அவருக்குப் பதிப்பகமாகவும் இருந்தது. ஐந்து விதிகளுக்கு அணிந்துரை தந்தவர் சர் பி.எஸ். சிவசாமி ஐயர். அறிமுகவுரை எழுதியவர் சேயர்ஸ். ஒரு பல்கலைக்கழக ஊழியர் தன் மேசையை விட்டு நகராமல் இருந்திருந்தால் சென்னையின் பெரிய மனிதர்களும் லண்டனின் தொழில் முன்னோடிகளும் ஒரே புத்தகத்தின் முன்பக்கங்களில் கூடியிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, சட்டம். 1930இல் காசியில் நடந்த அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டில் அவர் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை முன்வைத்தார். அதன் பிறகு சென்னை மாகாணத்தில் பேச்சு, மசோதா, தள்ளிவைப்பு என்று ஆண்டுகள் ஓடின. டி.எஸ். அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948இல், சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. மாவட்ட நூலக ஆணைக்குழுக்கள் அதிலிருந்துதான் பிறந்தன. இன்று சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக வருவதற்கும் அந்தச் சட்டமே அடி. பதினெட்டு ஆண்டு ஒரு வரைவைக் கைவிடாமல் சுமக்கத் தனி மனிதரால் ஆகாது. பொறுமையாகக் கூடிக் கூடிப் பேசும் ஓர் அமைப்பு வேண்டும்.

இனி ரங்கநாதனின் பணி வாழ்க்கையைப் பாருங்கள். 1944இல் இந்திய நூலகச் சங்கத்தின் தலைவர். 1953 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். இந்தியத் தர நிறுவனம் 1947இல் தொடங்கியபோது அதன் ஆவணவியல் குழுவுக்குத் தலைமை. 1950 முதல் 1962 வரை பன்னாட்டு ஆவணவியல் கூட்டமைப்பில் பகுப்பியல் குழுவின் பொது அறிக்கையாளர். 1957இல் பத்மஸ்ரீ. 1965இல் தேசிய ஆய்வுப் பேராசிரியர். ஒரு குழுவில் செய்த வேலைதான் அடுத்த குழுவுக்கு அவரை அறிமுகம் செய்துவைத்தது என்பது என் துணிபு.

‘அவர் மேதை, நாம் சாதாரணம்’ என்று நீங்கள் சொல்லக்கூடும். கோலன் முறையைக் கண்டுபிடிக்க மேதைமை வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். கூட்ட அழைப்பு அனுப்பவும், வரவு செலவு எழுதவும், அச்சுப் பிழை பார்க்கவும், வகுப்புக்கு ஆள் சேர்க்கவும் மேதைமை தேவையில்லை. அந்த மேதையே பதினேழு ஆண்டு அந்தச் சாதாரண வேலைகளைத்தான் செய்தார்.

அதனால்தான் இளைய நூலகர்களிடம் நான் எப்போதும் சொல்வது: குழுவில் சேர்ந்தால் எழுதுகிற வேலையைக் கேட்டு வாங்குங்கள். மினிட்ஸ் எழுத யாருக்கும் விருப்பம் இருக்காது, நீங்கள் கையைத் தூக்குங்கள். இரண்டு மணி நேரச் சச்சரவை எட்டு வரித் தீர்மானமாகச் சுருக்கி, சண்டை போட்ட இரண்டு தரப்பும் ‘ஆமாம், இதைத்தான் சொன்னோம்’ என்று ஒப்பும்படி எழுதக் கற்றுக்கொண்டவர் எந்த அலுவலகத்திலும் வீண்போக மாட்டார். யார் எதைச் செய்வதாக ஒப்புக்கொண்டார், எது நிலுவையில் கிடக்கிறது என்று முழுதாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆறு மாதத்தில் எல்லோரும் அவரைத்தான் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். துணைவேந்தருக்கும் பதிப்பாளருக்கும் மாவட்ட நூலக அலுவலருக்கும் போகிற கடிதங்களில் அவர் பெயர் இருக்கும். கிளை நூலகத்தில் பத்தாண்டு இருந்தாலும் கிடைக்காத அறிமுகம் இது.

மாநாட்டுத் துணைக்குழுவும் நல்ல பள்ளிக்கூடம். கட்டுரைத் தேர்வில் உட்கார்ந்தால் எது ஆய்வு, எது வெறும் பக்கம் நிரப்பல் என்று கண் பழகிவிடும். அடுத்து நீங்கள் எழுதும் கட்டுரை தானாகவே தேறிவிடும். தங்குமிடம், சாப்பாடு பார்த்தால் நாடு முழுக்க நண்பர்கள். வரவேற்புக் குழுவில் ராத்திரி ரயிலடியில் போய் நின்று கூட்டிவந்த ஒருவரை யாரும் மறப்பதில்லை. கட்டுரைத் தொகுப்பைப் பதிப்பிக்கும் பொறுப்பு கிடைத்தால் விடாதீர்கள். பதிப்பாசிரியராக உங்கள் பெயரோடு ஒரு புத்தகம் நிற்கும். கணக்கு என்றாலே தள்ளி நிற்பவர்கள் பொருளாளருக்குத் துணையாக ஓராண்டு இருந்து பாருங்கள். ரசீது, வவுச்சர், தணிக்கை எல்லாம் பழகிவிட்டால் பின்னாளில் ஒரு மாவட்ட மைய நூலகத்தின் நிதியைக் கையாள அஞ்ச வேண்டியதில்லை.

நம் நாட்டில் இது விருப்பப் பணி. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களில் நூலகர்களுக்கு ஆசிரியர் தகுதி உண்டு. அங்கே நிரந்தரப் பணியும் பதவி உயர்வும் முடிவாகும்போது நூலகப் பணி, ஆய்வு ஆகியவற்றோடு தொழிலுக்குச் செய்த சேவையையும் கேட்கிறார்கள். 1876இல் பிலடெல்பியாவில் தொடங்கிய அமெரிக்க நூலகச் சங்கத்தில் விருப்பமுள்ள உறுப்பினர் படிவம் நிரப்பித் தருவார். அடுத்துத் தலைவராக வரவிருப்பவர் அதிலிருந்து பலரைத் தேர்ந்து குழுக்களில் அமர்த்துவார். பெரும்பாலும் இரண்டாண்டு. புதியவர்கள் கற்றுக்கொள்வதற்கென்றே சில குழுக்களில் பயிற்சி இடங்களும் உண்டு. இந்த முறையில் எனக்கு மிகப் பிடித்தது, ‘நான் வருகிறேன்’ என்று ஒருவர் தானாகச் சொல்ல வழி இருப்பது. நம் சங்கங்கள் பலவற்றில் தெரிந்தவர் கூப்பிட்டால்தான் உண்டு.

அமெரிக்க நூலகச் சங்கத்தின் வரலாற்றில் நான் மறக்க முடியாத பெயர் ஈ.ஜே. ஜோசி. ஜார்ஜியா மாநிலத்தில் சவானா நகரிலிருந்த, கருப்பின மாணவர்கள் படித்த அரசுக் கல்லூரியின் நூலகர். கருப்பினத்தவர் என்பதால் ஜார்ஜியா நூலகச் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1964இல் செயின்ட் லூயிஸ் நகரில் தேசியச் சங்கத்தின் மாநாடு நடந்தது. கருப்பினத்தவரைச் சேர்க்காத மாநிலச் சங்கங்களின் கூட்டங்களில் தேசியச் சங்கத்தின் பொறுப்பாளர்களும் பணியாளர்களும் பங்கேற்கக் கூடாது என்று அங்கே அவர் எழுந்து தீர்மானம் கொண்டுவந்தார். தீர்மானம் நிறைவேறியது. மறு ஆண்டே ஜார்ஜியா சங்கம் அவரை ஏற்றது. அதன் முதல் கருப்பின உறுப்பினர் அவர். 1970இல் கருப்பின நூலகர்களுக்கான அமைப்பைத் தொடங்கினார். 1984இல், எந்த அரங்கில் எழுந்து நின்று போராடினாரோ அந்தத் தேசியச் சங்கத்துக்கே தலைவரானார். சங்கம் அவருக்கு எந்தக் கதவையும் தானாகத் திறந்துவிடவில்லை. கூட்ட விதிகளைத் தெரிந்து, தீர்மானத்தைத் திருத்தமாக எழுதி, வாக்குக்கு விடும்படி செய்யத் தெரிந்ததால் அவர் திறந்துகொண்டார். அந்தத் திறமையை எந்த நூலகப் பள்ளியும் பாடமாக வைப்பதில்லை.

இப்போது நம் நடைமுறைக்கு வருகிறேன். பொது நூலகத் துறையில் இருப்பவர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குப் போவதைப் பணிமூப்பும் கல்வித் தகுதியும்தான் தீர்மானிக்கும். எந்தக் குழுவில் இருந்தாலும் அந்தப் பட்டியலில் முன்னே போய்விட முடியாது. அப்படி ஆசை காட்டி யாராவது கூப்பிட்டால் நம்பாதீர்கள். கல்லூரி, பல்கலைக்கழகப் பணிக்கு விண்ணப்பிக்கும்போதும், ஆய்வுப் பட்டத்துக்கு வழிகாட்டி தேடும்போதும், பயிற்சி முகாம்களில் பாடம் எடுக்க அழைப்பு வரும்போதும்தான் அந்தக் குழு வேலை கைகொடுக்கும். நேர்காணலில் ‘என்ன செய்திருக்கிறீர்கள்?’ என்று கேட்டால் சொல்ல ஒரு மாநாடு, ஒரு தொகுப்பு நூல், ஒரு பாடத்திட்டம் கையில் இருக்கும்.

பணியாளர் சங்கம் வேறு, தொழில் சங்கம் வேறு என்பதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பணி நிரந்தரம், ஊதியம், ஓய்வூதியம் ஆகியவற்றுக்குப் போராடுவது முன்னது. தொழிலின் தரத்தை வளர்ப்பது பின்னது. இரண்டும் நமக்கு வேண்டும். ஒன்றில் இருப்பதால் மற்றதை விட வேண்டியதில்லை. 1933இல் கல்கத்தாவில் தொடங்கிய இந்திய நூலகச் சங்கம், 1955இல் அதே ஊரில் சிறப்பு நூலகங்களுக்காகத் தொடங்கிய ஐயாஸ்லிக், நம் சென்னை நூலகச் சங்கம் என்று உங்கள் வேலைக்கு ஏற்றதில் உறுப்பினராகலாம். எல்லாவற்றிலும் சேர்ந்து எதிலும் தலைகாட்டாமல் இருப்பதைவிட ஒன்றில் சேர்ந்து, ஒரே துணைக்குழுவில் இரண்டாண்டு முழுமையாக உழைப்பது மேல். ஏற்ற வேலையைச் சொன்ன தேதியில் முடியுங்கள். முடியாதென்று தெரிந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். கடிதத்தாளில் மட்டும் பெயர் இருக்கும் உறுப்பினரை எல்லோருக்கும் தெரியும், அவர் பெயரும் அப்படியே நினைவில் நிற்கும். மேலதிகாரியிடம் தொடக்கத்திலேயே எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள். குழுவின் வேலை முடிந்ததும் அறிக்கையின் ஒரு படியை அவருக்கும் கொடுங்கள். அவருக்குத் தெரியாமல் நடந்த நல்ல வேலைக்கு அவரிடமிருந்து மரியாதையை எதிர்பார்க்க முடியாது.

சங்கங்களின் பொறுப்பாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். பொது நூலகர்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, கல்லூரி நூலகர்களுக்கு ஞாயிறு. எல்லாக் கூட்டத்தையும் ஞாயிறு மாலை சென்னையில் வைத்தால் யார் வருவார்கள்? நம் நூலகங்களில் வேலை செய்யும் பெண்கள் எத்தனை பேர் என்று சுற்றிப் பாருங்கள், பிறகு செயற்குழுப் பட்டியலைப் பாருங்கள். திறமைக் குறைவால் ஏற்பட்ட இடைவெளி அல்ல அது. இரவுப் பயணமும், வீட்டில் மாற்றாள் இல்லாததும்தான் காரணம். பாதிக் கூட்டங்களை இணையவழி நடத்தினாலே சங்கரன்கோவிலிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் உறுப்பினர்கள் கிடைப்பார்கள். ஒவ்வொரு துணைக்குழுவிலும் முப்பத்தைந்து வயதுக்குக் கீழே ஒருவரும், ஒற்றை ஆள் நூலகத்திலிருந்து ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். மூத்தவர்கள் பொறுப்பை விட்டுக் கொடுக்கும்போது கோப்பையும் கொடுங்கள், பழைய கடிதப் போக்குவரத்தையும் கொடுங்கள், முதல் ஆறு மாதம் தொலைபேசியையும் எடுங்கள். புதியவர் வெறுங்கையோடு தொடங்கினால் முதல் கூட்டத்திலேயே துவண்டுபோவார்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் குழுக்களில் உழைத்தவர்கள். எந்தக் குழு, என்ன வேலை, எதைக் கற்றீர்கள், எது சலிப்பூட்டியது, அதனால் பின்னர் என்ன நடந்தது என்று இரண்டு பக்கத்துக்குள் எழுதி இந்த மாத இறுதிக்குள் அனுப்புங்கள். சாதித்ததை மட்டும் எழுத வேண்டும் என்பதில்லை, பாதியில் நின்றுபோன வேலையும் புதியவர்களுக்குப் பாடமாகும். அடுத்த இதழில் அவற்றுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம். இளைய நூலகர்கள் எந்தச் சங்கத்தில், எந்தத் துணைக்குழுவுக்கு ஆள் தேவை என்று கேட்டு எழுதினால், எங்களுக்குத் தெரிந்தவரை சொல்லிச் சேர்த்துவிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்